அறுபத்தைந்து விழுக்காடு

பல்லடத்து ஆடிக் காற்று
மழையை ஆனைமலையிலேயே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு வரும்,
கடன் கேட்க வந்த ஒறம்பரை மாதிரி.
துணி காயும். உதடு காயும்.
பிசைந்து வைத்த மாவு தோல் கட்டிவிடும்.

இங்கே ஆப்பிரிக்க வயலட் வளர்க்கிறேன் என்றால்
எதிர்வீட்டுச் செல்லாயாளுக்குச் சிரிப்பு.
"ஏனுங் அம்மணி, கள்ளி வெச்சாப் பத்தாதுங்களா?"

ஒற்றை இலையாகத்தான் வந்தது.
ஊட்டியில் ஒரு நாற்றுக்கடையில் காம்போடு கிள்ளி
நனைத்த காகிதத்தில் சுற்றித் தந்தார்கள்.
கல்லாறு இறங்க இறங்கக் காற்றில் சூடு ஏறியது.
பையைத் திறந்து திறந்து பார்த்தேன்.
மூச்சிருக்கிறதா என்று இலையிடம் எப்படிக் கேட்பது?

நாற்பது நாள் ஒன்றுமில்லை.
பிறகு காம்படியில்
எலிக்காது போல இரண்டு.

இலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும்
அம்மைத் தழும்பு.
அடித்தட்டில் ஊற்றினால் கீழிருந்து குடிக்கும்,
அரை மணி மட்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.
போர் தண்ணீர் ஆகாது, மண்மேல் உப்புப் பூக்கும்.
எட்டு நாளைக்கு ஒருதரம் வரும் அத்திக்கடவுத் தண்ணீரில்
எனக்கு இரண்டு குடம்,
அதற்கு ஒரு டம்ளர்.
இதைச் செல்லாயாளிடம் சொல்லவில்லை.

எனக்கு நூற்பாலையில் வேலை, சோதனை அறையில்.
அங்கே இருபத்தேழு டிகிரி,
அறுபத்தைந்து விழுக்காடு ஈரம்,
இரவானாலும் பகலானாலும்.
குறைந்தால் நூல் பொய் சொல்லும்,
இல்லாத நோவைச் சொல்லி இழுக்குமுன்னே அறும்.
சுவரில் இரட்டை வெப்பமானி.
ஒன்றின் குமிழில் ஈரச்சீலை,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
நாற்பதாம் நம்பர் நூலுக்கு இத்தனை சீராட்டு!

ஒரு புதன்கிழமை
சாப்பாட்டுக் கூடையில் செடியை உள்ளே கொண்டுபோனேன்.
முறுக்கு எண்ணும் எந்திரத்துக்குப் பின்னால் வைத்தேன்.
இரண்டாம் வாரம் மொட்டு.

ஈரக்காற்று எந்திரம் ஓட்டும் குப்புராஜ்
சீலை மாற்ற வந்தவர் பார்த்துவிட்டார்.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"மண்ணு உள்ளார வரப்படாதுங்க" என்றார்.
போகும்போது கதவருகில் நின்று,
"ஆடிட்டு வெள்ளிக்கெழமைதானுங்" என்றார்.

வியாழன் இரவு கூடையில் திரும்பி வந்தோம்,
செடியும் நானும்.

வீட்டில் மிட்டாய் பாட்டில் ஒன்றைப் படுக்கப் போட்டு
அதற்குள் வீடு.
அடியில் கூழாங்கல், கல்லுக்குக் கீழே தண்ணீர்,
தொட்டி ஓட்டை வழியே திரி.
பருத்தி நூலைத்தான் முறுக்கிப் போட்டேன், ஆலை நூல்,
நானே வலு பார்த்துக் கையெழுத்திட்டது.
ஒரு மாதத்தில் அழுகிவிட்டது.
பாலியெஸ்டர் அழுகவில்லை.
பதினோரு வருஷம் பஞ்சில் சோறு தின்றவளுக்கு
இதைச் சொல்லவே கூச்சம்.

புரட்டாசியில் பஞ்சு விலை ஏறி
ஆலையை நிறுத்தினார்கள். பத்து நாள் என்றார்கள்.
இருபதாகியும் கூப்பிடவில்லை.
குப்புராஜ் வழியில் வண்டியை நிறுத்தினார்.
சோதனை அறையில் முப்பத்தெட்டு என்றார்,
யாரோ காலமானதைச் சொல்வது போல.
கழித்துப்போட்ட இரட்டை வெப்பமானி ஒன்றைத்
துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தார்.
ஒரு கண்ணாடி கொஞ்சம் கீறியிருந்தது.

பாட்டில் வாயருகே தொங்கவிட்டேன்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை
அட்டவணையில் தேடினால் ஐம்பத்தெட்டு.
அறுபத்தைந்து இல்லை.

காலையில் கண்ணாடி உள்ளே வேர்த்திருந்தது.
வேர்வைக்கு அப்பால்
கத்திரிப்பூ நிறத்தில் மங்கலாக ஒன்று,
நடுவில் மஞ்சளாய் இரண்டு பொட்டு.
துடைத்துப் பார்க்கலாம். துடைக்கவில்லை.

வெளியே காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.
சம்பளம் எப்போது என்று தெரியாது.
திரியின் நுனியை
ஒருதரம் தொட்டுப் பார்த்தேன்.
நனைந்துதான் இருந்தது.