வாட்டர் பம்புக்கு முதுகு

தண்டர் பே, பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
கராஜ் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு:
மூன்று சுவரும் ஒரு தார்ப்பாயும்.

பத்து நாளாய்
சாவியைத் திருப்பினால் கார் அலறியது.
எதிர்வீட்டு மொரிசெட் தம்பதி
விளக்கைப் போட்டு, என்னைப் பார்த்து,
விளக்கை அணைத்தார்கள்.
பெல்ட்டில் ஆறு வரி. ஒவ்வொன்றிலும்
நகம் நுழையும் வெடிப்பு.
கூலி மட்டும் நூற்றெண்பது டாலர் என்றான் கடைக்காரன்.
புதுப் பெல்ட் நாற்பத்தொன்று.
தானியக் கிடங்கில் கன்வேயர்களுக்கு
எண்ணெய் விடுகிறவள் நான்.
இதுவும் ஒரு சின்ன கன்வேயர்தானே
என்று நினைத்தது முதல் தப்பு.

நீளக் கம்பியை டென்ஷனரின் சதுரக் குழியில் செருகி
உடம்பின் எடையை எல்லாம் சாய்த்தேன்.
முரண்டு பிடித்தது, பிறகு இளகியது.
பெல்ட் நழுவி மணிக்கட்டில் விழுந்தது.
உருவி எடுத்து முற்றத்துப் பனியில் எறிந்துவிட்டு
பானெட்டின் உட்புறத்தை அப்போதுதான் பார்த்தேன்:
பாதை வரைந்த ஸ்டிக்கர் இருந்த இடத்தில்
பசையின் மஞ்சள் கறை.

ஏழு கப்பி, ஒரு வளையம்.
எத்தனை விதமாய்ச் சுற்றலாம் என்று
யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள்.
நான் மூன்று போட்டேன்.
ஒன்றில் ஒரு சாண் மிச்சம்.
ஒன்றில் எட்டவேயில்லை.
மூன்றாவது கச்சிதமாய் உட்கார்ந்தது,
அதனாலேயே நம்பவில்லை.

பாம்பின் கால் பாம்பறியும்.
காரை எனக்கு விற்ற ஆர்வோ லெப்பனெனை அழைத்தேன்.
பின்னால் டிவியில் ஹாக்கி.
"கிராங்கிலிருந்து தொடங்கு" என்றார், ஹலோ கூடச் சொல்லாமல்.
"இடப்பக்கம் ஏறு. பவர் ஸ்டியரிங், வரி உள்ளே.
வாட்டர் பம்புக்கு முதுகு.
முதுகு, கேட்டாயா? அந்தக் கப்பி வழுவழுப்பு, பல் கிடையாது.
ஆல்டர்னேட்டர் கடைசி. முதலில் போட்டால் அழுவாய்."
கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்
என்பது குரலிலேயே தெரிந்தது.

ஃபோனைக் கம்பளித் தொப்பிக்குள் செருகி
ஒரு கையால் கம்பியை அமுக்கி
மறு கையின் மரத்த மூன்று விரலால்
விளிம்பில் ஏற்றினேன்.
"ஏறிடுச்சு."
"ஸ்டார்ட் பண்ணு. கேட்கிறேன்."

எஞ்சின் பிடித்தது.
தொப்பியைக் கழற்றி ஃபோனை பேட்டரிமேல் வைத்தேன்.
திரும்ப எடுத்தபோது ஹாக்கி சத்தம் இல்லை.

"கத்தலையே" என்றார்.
"இல்லை."
"இதுக்கு முந்தின பெல்ட் கத்தும். ரெண்டு வருஷம் மாத்தாமலே ஓட்டினேன்.
ஹெல்வி படுக்கையில் இருந்தாள்.
தெருமுனையில் நான் திரும்பும்போதே அவளுக்குக் கேட்டுவிடும்.
உள்ளே வருவதற்குள்
தடவித் தேடிக் கண்ணாடியை மாட்டியிருப்பாள்.
அப்புறம் மாத்தினேன்.
நீ இப்போ கழட்டினது, அப்போ போட்டது."

என்ன சொல்வது என்று தெரியாமல்
"ஸ்டிக்கரை நீங்களா கிழித்தீர்கள்?" என்று கேட்டேன்.
"எலி" என்றார்.
கூலன்ட் அளவைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில்
மார்க்கரால் ஏழு வட்டம் வரைந்தேன், கோணல் மாணலாய்.
ஒன்றுக்குள் மட்டும் பெரிதாய்: முதுகு.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன்.
மொரிசெட் வீட்டு விளக்கு எரியவில்லை.
பழைய பெல்ட் விழுந்த இடத்திலேயே கிடந்தது.
குனிந்து எடுத்தேன். விறைத்திருந்தது,
ஏதோ ஒரு கப்பியின் வளைவை இன்னும் விடாமல்.
குப்பை வண்டி வியாழக்கிழமைதான் வரும்.
பின்சீட்டில் போட்டுக்கொண்டு
வேலைக்குப் போனேன்.