பீப்பாயின் கடைசி

லீட்ஸில், செருப்புக்கடையை ஒட்டி
ஒருக்களித்து நுழைகிற சந்து.
பித்தளைக் கம்பி, புகையேறிய கண்ணாடி,
பச்சை ஓடு பதித்த மேடை.
குடிக்கும் முன்பே
பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன்.

முதல் மிடறு காடி.

சொல்வதா வேண்டாமா?
பக்கத்தில் டெரன்ஸ்
அதையே மூன்றாவது கோப்பையாக
முகம் சுளிக்காமல் இறக்குகிறார்.

சொன்னேன்.
டாஃப்னி வாதாடவில்லை.
ஒரு விரற்கடை பிடித்தாள்,
முகர்ந்தாள், துப்பினாள்,
பம்பில் மாட்டியிருந்த பெயர்ச்சீட்டை
முதுகு தெரியத் திருப்பினாள்.

"எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"
"உனக்கு என்னைக்குமே நல்லாத்தான் இருக்கும், டெரன்ஸ்."

எனக்கு வேறொன்று வந்தது, காசில்லாமல்:
கருத்தது, அதிகம் குளிராதது,
கருகிய ரொட்டி ஓரத்தின் கசப்பு.
பத்துக்கு எட்டு.
அந்தத் திருப்பலுக்கு இன்னொன்று.

கடை மூடும்வரை
டெரன்ஸ் என்னோடு பேசவில்லை.