இரண்டு மில்லிமீட்டர்

களியக்காவிளை சந்தைக்குப் பின்னால்
மொபைல் கடைக்கு மேலே எங்கள் லேப்.
ஜன்னலைத் திறந்தால் மத்தி வாடை,
மூடினால் ஸ்பிரிட் வாடை.
சோதனைச் சாவடியில் லாரி முறுக்கும்போது
ரேக்கில் கண்ணாடித் தட்டுகள் மெல்ல நடுங்கும்.

றசலையன். ஐம்பத்திரண்டு. ஆண்.
மாதிரி: இடது குதிகால் சீழ்.
சீட்டு பாறசாலையிலிருந்து, மலையாளத்தில்.
காயம் தமிழில் பேசியது:
"ஆறு மாசமா ஆறல்லே பிள்ளே."
கட்டைப் பிரித்தால் நசுங்கிய பச்சை.
குப்பைமேனி.
டாக்டரிடம் சொல்லிவிடாதே என்று
கண்ணாலேயே கேட்டுக்கொண்டார்.
துடைத்துவிட்டுப் பஞ்சுக்குச்சியை உருட்டினேன்.

முப்பத்தைந்து டிகிரியில் ஒரு ராத்திரி.
விடிந்தால் தட்டில் தினை சிந்தினது போலப் பொன்னிறம்.
அதையே கரைத்து இன்னொரு தட்டில் பூசி
மருந்து வட்டுகளை வைத்தேன்.
மறுநாள்
பென்சிலின் மேல் ஏறி நின்றிருந்தது.
எரித்ரோமைசினைச் சட்டை செய்யவில்லை.
சிப்ரோவுக்குக் கொஞ்சம் யோசித்தது போலிருந்தது,
பிறகு அதையும் தாண்டிவிட்டது.
ஒரே ஒரு மருந்துக்குத்தான் விலகி வழிவிட்டது.
அதில் ஒரு மாத்திரை,
இருபது மரம் பால் வெட்டும் கூலி.
வெளியே மழை. மழைக்கு வெட்டு இல்லை.

ஆர், ஆர், ஆர் என்று அடித்தேன்.
கிருமி அசையவில்லை என்பதற்கு
எங்கள் தொழிலில் ஓரெழுத்து.

கணக்கில் வராத தட்டு ஒன்று மீந்திருந்தது.
ஆபீஸ் பஞ்சிங் மிஷினில் வடிதாளைக் கடித்தால்
விழும் பொட்டு சரியாக ஆறு மில்லிமீட்டர்.
சுவரோரக் குப்பைமேனியைக் கழுவி
கண்ணாடிக் கம்பியால் இடித்து
ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஒரு பொட்டு.
வெறும் ஸ்பிரிட்டில் ஒரு பொட்டு: சாட்சிக்கு.
மூன்றாவது, நான் கேட்காமலே
றசலையன் குப்பியில் கொண்டுவந்தது.
"மரத்துக்க பாலு. அமோனியா ஊத்தல்லே.
தெனமும் நான் வெட்டுதேன், தெனமும் அது மூடுது.
என்னத்த வச்சு மூடுதுன்னு நீ பாரு."

குப்பைமேனி: பதினொன்று.
துள்ளினேன்.
ஸ்பிரிட்: ஒன்பது.
துள்ளியதிலிருந்து ஒன்பதைக் கழித்தேன்.
இரண்டு மில்லிமீட்டர்,
ஒரு எள்ளின் அகலம்.
அதன்மேல் ஒரு குதிகாலை ஊன்ற முடியாது.
ஆனால் அது பொய்யும் இல்லை.
ரப்பர் பால்: பூஜ்யம்.
பொன்னிறம் பொட்டின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

வீச மறந்து சனி போனது, ஞாயிறும் போனது.
கரண்ட் இல்லை. மூடி லேசாக நகர்ந்திருக்கிறது.
திங்கள் காலை சாம்பல் பூசணம்,
எந்த ஈரச் சுவரிலிருந்து வந்ததோ,
பொன்னிறத்தின் மேலேயே படர்ந்து
குப்பைமேனியை மூடி, ஸ்பிரிட்டை மூடி,
ரப்பர் பாலுக்கு எதிரே வந்து
வளைந்து
நின்றிருந்தது.
நடுவே பிறை போல ஒரு வெற்றிடம்.

மரம் யாரை நினைத்துப் பால் ஊறியதோ
அவன்தான் வந்திருக்கிறான்.
கத்தி போன வழியே மழையோடு இறங்குகிறவன்.
குதிகாலின் எதிரியை மரத்துக்குத் தெரியாது.
ஏன் தெரிய வேண்டும்?
குப்பைமேனியும் குப்பையில் தனக்கிருக்கும் சண்டைக்கு
ஏதோ எழுதிவைத்திருக்கிறது.
அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு
நம் பெயரைத் தேடுகிறோம்.

"எனக்க மரம் என்ன சொல்லுது?"
"அதுக்க காயத்தை மட்டும்தான் அது பாக்குது, அண்ணே."
"அப்போ அதுக்குப் புத்தி உண்டு" என்று சிரித்தார்.
ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார்,
குதிகாலைத் தரையில் படவிடாமல்
பாறசாலை பஸ்ஸுக்கு இறங்கினார்.
அந்த விலை மாத்திரையைச் சுற்றி நான் போட்ட
நீல மைக் கோடு
சட்டைத் துணி வழியே தெரிந்தது.

பதினைந்து பவுண்டு அழுத்தம், இருபது நிமிடம்.
பொன்னும் சாம்பலும் பிறையும்
வெந்து ஒரே வாடையானது.

நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
ஸ்பிரிட் வேண்டாம்.
வெந்நீரில் இன்னொரு முறை.