நாற்பத்தொரு வாட்

அட்டையில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிவிட்டுப் போனார்
ரீடிங் எடுக்க வந்தவர்.
பன்னிரண்டுதான் அதிகம்.
ஆனால் ஐந்நூறைத் தாண்டினால்
வாரியத்தின் முகமே வேறு.

கீழமாரட் வீதி வெங்காய மண்டியில்
பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
மூட்டை வந்த எடையும் போன எடையும் ஒத்துப்போகாது.
இடையில் காய்ந்ததற்கு ‘உலர்வு’ என்று ஒரு பத்தி உண்டு.
என் வீட்டில் எது காய்கிறதென்று
எந்தப் பத்தியிலும் இல்லை.

அதனால் வாங்கினேன்,
சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி,
அதன் வாலில் ஒரு கறுப்புக் கவ்வி.
பூட்ட வந்தவர் முத்திருளாண்டி.
வில்லாபுரத்துக்கே விளக்குப் போடுகிறவருக்கு
இப்படி ஒரு பெயர்.
“வயரை வெட்ட வேண்டாமாண்ணே?”
“வளையல் போடக் கையை வெட்டுவாகளா?”
டிக்.

செல்போனில் வந்த முதல் எண்
மைனஸ் முந்நூற்று நாற்பது.
வேல்ச்சாமி கைதட்டினார்:
“நம்ம வீடு வாரியத்துக்குக் கரண்ட் குடுக்குது,
அவனுக்கு ஒரு பில்லைப் போடு.”
கவ்வியில் கடுகளவு ஓர் அம்புக்குறி இருந்ததை
யாரும் பார்க்கவில்லை.
திருப்பி மாட்டியதும்
மறுபடி கடன்காரர்கள் ஆனோம்.

அன்று ராத்திரி வீட்டை ஒவ்வொன்றாக அணைத்தோம்.
நிறைமதி போனைப் பிடித்து எண்ணைக் கூவினாள்,
மண்டியில் ஏலம் விடுகிற மாதிரி, ஆனால் இறங்குமுகமாக.
ஃபேனுக்கு அறுபத்தெட்டு.
ஃபிரிட்ஜுக்கு நூற்றுப் பத்து.
யாரும் பார்க்காத டிவியின் சிவப்புப் பொட்டுக்கும்
அதன் பெட்டிக்குமாகப் பதினான்கு.
கிரைண்டர், ஒன்றுமில்லை.
பாவம், அதைத்தான் இத்தனை நாள் திட்டினேன்.

கொசுவும் வேர்வையுமாக இருட்டில் நின்றோம்.
எண் நாற்பத்தொன்பதில் நின்றது.
வைஃபைக்கு எட்டு.
மிச்சம் நாற்பத்தொன்று யார்?

மறுநாள் முத்திருளாண்டி மெயின் போர்டைக் கழற்றினார்.
பின்னால் ஒரு பழைய வயர்,
வெள்ளையடித்து வெள்ளையடித்துச் சுவராகவே ஆகியிருந்தது.
சன்ஷேடில் ஏறி
வேப்பங்கிளையில் நடந்து
தெருமுனை முனியாண்டி தலைக்கு மேல்
நாற்பது வாட் குண்டு பல்பில் போய் முடிந்தது.
மீதி ஒன்று வழியில் உலர்ந்திருக்கும்.

வீட்டை எங்களுக்கு விற்றவரின் வேண்டுதலாம்.
பத்திரத்தில் அது இல்லை.
சுவிட்சும் இல்லை.
ராப்பகலாக எரிந்து
ரெண்டு மாசத்துக்கு ஐம்பத்தொன்பது யூனிட்.
“வெட்டிருங்க” என்றார் வேல்ச்சாமி,
தெருப்பக்கம் கேட்காத குரலில்.
முத்திருளாண்டி கட்டிங் பிளேயரைப் பைக்குள் போட்டார்.
“வேற ஆளப் பாருங்க.”

ஒன்பது வாட் எல்இடி வாங்கி, ஏணி வைத்து மாட்டினோம்.
மீசையின் நுனிவரை தெரிந்தது.
எதிரே பூக்கட்டும் ராக்காயிக்குப் பிடிக்கவில்லை:
“சாமிய ஆசுபத்திரியில படுக்கப்போட்ட மாதிரி இருக்கு.”
போய் மஞ்சளாக மாற்றி வாங்கி வந்தேன்.
அதுவும் ஒன்பதுதான்.

செயலி கேட்டது: இந்தச் சாதனத்துக்குப் பெயர் இடுக.
நிறைமதி தட்டினாள், முனி.
எந்த அறை?
சமையலறை, படுக்கையறை, கார் ஷெட் என்று தேடி
‘விருந்தினர் அறை’யைத் தொட்டாள்.

வைகாசியில் ஒரு ராத்திரி கரண்ட் போனது.
கோடு சுழியத்தைத் தொடுவதை ஒரு தடவையாவது
பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன்.
வைஃபையும் சேர்ந்து போயிருந்ததால்
திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மொட்டைமாடிக்குப் போனேன். வில்லாபுரமே இல்லை.
தெருமுனையில் மட்டும்
ஆள் நிற்கிற உயரத்துக்குக் கொஞ்சம் மேலே
சுருட்டு ஒன்று சிவந்து
மங்கி
மறுபடி சிவந்தது.