எத்தனை மாதத்துக்கு

ஆகஸ்ட் மழை வலது காலில்தான் முதலில் நுழைந்தது.
பெருவிரலுக்குக் கீழே, நூறு பெசோ நாணயம் அளவு ஓட்டை.
பால் பெட்டி அட்டையை வெட்டி உள்ளே வைத்து
இரண்டு நாள் ஓட்டினேன்.
மூன்றாம் நாள் அட்டை கஞ்சியாகி
காலுறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

வால்பராய்சோவில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவளுக்கு
தெரு என்றால் படிக்கட்டு.
தோரோ குன்றில் மட்டும் என் பொறுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்கள்,
அதில் பாதி, நாய் காக்கும் கதவுக்கு உள்ளே.

யெர்கோவின் பெட்டிக்கடை குன்றின் அடிவாரத்தில்.
ஒரு காதில் கால்பந்து வர்ணனை,
மறு காது எனக்கு.
பூட்ஸை வாங்கி முதலில் முகர்ந்தான்.
கூசிப்போனேன்.
பிறகு மூக்கையும் குதியையும் பிடித்து
ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினான்.
மடிப்பில் கட்டைவிரலை அழுத்தினான்.
"தோல் சாகலை. தையலும் நிக்குது.
இடது குதி மட்டும் வெளிப்பக்கமாவே தேயுது, பாருங்க.
பையை எந்தத் தோளில் போடுறீங்க?"
இடது தோளில். பதினோரு வருடமாக.

பசை போட்டு ஒட்டினால் நாலாயிரம். ரெண்டு மாசம் தாங்கும்.
அரை சோல், பதினாலாயிரம். ஒரு வருஷம்.
முழு சோல், புதுக் குதி, முப்பத்திரண்டாயிரம்.
"அதுக்கப்புறம் மூணு வருஷம் என் முகத்தையே பாக்க வேண்டாம்."

எதிர்ச் சந்தையில் புதுசே இருபத்தைந்தாயிரம்,
பளபளவென்று, பிளாஸ்டிக் வாசனையோடு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
மனசுக்குள் மூன்று தடவை கூட்டிக் கழித்தேன்,
மூன்று தடவையும் சந்தைதான் ஜெயித்தது.
ஆனால் சந்தை பூட்ஸ் ஒன்று போன குளிரில்
சரியாக எழுபது நாள் இருந்தது.
அதையும் சேர்த்துப் போட்டேன்.
கணக்கு மாறியது, நான் மாறவில்லை.

"எத்தனை மாசத்துக்கு வேணும் உங்களுக்கு?"
யெர்கோ கேட்டான்.
பூட்ஸைப் பற்றித்தான் கேட்டான்.

என் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது.
அந்தோஃபகஸ்தாவிலிருந்து தங்கை எர்மினியா
ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள்.
சுரங்க முகாம் சமையலறையில் ஆள் வேண்டுமாம்.
பூட்ஸ் அவர்களே தருவார்களாம்,
இரும்பு மூக்கு வைத்தது, வருடத்துக்கு இரண்டு ஜோடி.
மழை என்றால் அங்கே குழந்தைகள் படத்தில்தான் பார்க்குமாம்.
வருகிறேன் என்றும் சொல்லவில்லை,
மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
ரெய்னால்தோவுக்கு இன்னும் தெரியாது.
அல்லது தெரிந்துதான்
நான் போன் எடுக்கும்போது ரேடியோவைக் கூட்டி வைக்கிறாரோ.

முழு சோல் என்றால் நான் இங்கேதான்.
பசை என்றால்
நேற்று இரவே பெட்டி கட்டிவிட்டேன் என்று அர்த்தம்.

பின்னால் அறுந்த பை வாரோடு நின்ற பெண்
தொண்டையைச் செருமினாள்.

"வலது காலுக்கு மட்டும் முழு சோல்" என்றேன்.
யெர்கோ வர்ணனையை நிறுத்தினான்.
"ஒண்ணு மட்டும் மாத்தினா உயரம் மாறும். நொண்டுவீங்க."
"எவ்வளவு?"
"நாலு மில்லிமீட்டர்."

நாலு மில்லிமீட்டரை நின்று யோசித்தவள்
இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

"அரை சோல். இரண்டுக்கும்."
சொன்னது என் வாய்தான்.
ஏப்ரலைத் தாண்டும், அடுத்த ஆகஸ்டோடு சரி.
இது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்,
ரசீதில் அவன் எழுதியதும் வெறும் எண்தான்.

வியாழக்கிழமை வரச் சொன்னான்.
அதுவரைக்கும், யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராத
ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, ஓர் அளவு பெரிது.
நூற்று அறுபது படி.
நடுவில் பையை வலது தோளுக்கு மாற்றிப் பார்த்தேன்.
சரிப்படவில்லை.

பதினெட்டாம் எண் வீட்டில்
என் காலடி கேட்டாலே கம்பியைக் கடிக்கும் பழுப்பு நாய்,
ஊரில் என்னை மட்டுமே பகைத்த அந்த நாய்,
தலையைத் தூக்கியது,
யாரோ என்று நினைத்து
மறுபடி படுத்துக்கொண்டது.