ஏழு லிட்டர்

கணினிப் பெட்டியின் அளவை
லிட்டரில்தான் சொல்வார்கள் என்றேன்.
"நம்ம இட்லி மாவுக் குண்டாவே ஆறு லிட்டர்"
என்றாள் அக்கா சசிரேகா, ஈரக் கையோடு.
அப்படியானால் இது ஒரு லிட்டர் பெரிசு.
அம்மாப்பேட்டை வாடகை வீட்டில்
அவ்வளவுதான் மிச்சம்,
ஃப்ரிட்ஜின் தலைமேல்,
ஸ்டெபிலைசருக்கும் சுவருக்கும் நடுவே.

கொலுசு டிசைன் வரைவது என் வேலை.
நூற்றுப்பத்து முத்துச் சலங்கை,
ஒவ்வொன்றிலும் வெளிச்சம் சரியாக விழ வேண்டும்.
பழைய மெஷின் ஒரு படத்துக்கு
ராத்திரி முழுக்க முனகும்.

முதலில் மாம்பழ அட்டைப்பெட்டி.
'மல்கோவா' என்ற எழுத்து உள்பக்கம் போகும்படி வெட்டி
மதர்போர்டை நிறுத்தினேன்.
கிராபிக்ஸ் கார்டை அதன் முதுகுக்குப் பின்னால்.
கோபித்துக்கொண்டு
ஒரே பாயில் படுத்த புருஷன் பெண்டாட்டி மாதிரி.
நடுவில் பேச்சுக்கு ஒரு பட்டை கேபிள்.

மூன்று வாரம் அட்டையோடே குடித்தனம்.
பிறகு செவ்வாய்ப்பேட்டையில்
கழிவுத் தகடு, கிலோ கணக்கில்.
ஒரு மூலையில் யாரோ சாக்பீஸில் எழுதிய ஃபோன் நம்பர்,
கடைசி இரண்டு எண் அழிந்திருந்தது.

கொண்டலாம்பட்டியில் துளசிராம் பட்டறை.
என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து,
"மடிப்புக்கு உட்டிருக்கியாம்மா?"
விட்டிருக்கிறேன் என்றேன்.
விடவில்லை.
மடியும்போது தகடு
தன் நீளத்தில் கொஞ்சம் தின்னும்.
இரண்டு மடிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மில்லி.
கார்டு உள்ளே போகவில்லை.

மூன்று மில்லிமீட்டர்.
அதற்குள் என்னென்ன அடங்கும் என்று
அன்று இரவு எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
காலையில் அரத்தை எடுத்தேன்.
மேல்வீட்டு மரியஜோதி எட்டிப் பார்த்து
"யாரை அறுக்கறே?" என்றாள்.
என்னைத்தான்.

பெட்டி மூடியது. விசிறி சுழன்றது.
சித்திரை வெயிலில்
சலங்கை நாற்பதைத் தாண்டுவதற்குள்
தொண்ணூற்றாறு டிகிரி.
தானே அணைந்துகொண்டது,
நான் மட்டும் விழித்திருந்தேன்.

ஏற்காட்டில் ஒரு கல்யாணம்.
பெட்டியையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
அது என் வயிற்றில் இடித்தது.
"கேக்கா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்,
சொல்லி விளக்க மூச்சு இல்லை.

லாட்ஜ் அறையில், ஜன்னலில் பனிப்புகை நிற்க,
நூற்றுப்பத்து சலங்கையும் முடிந்தது.
எழுபத்தொன்று டிகிரி!
கல்யாணத்தில் இரண்டு முறை பாயசம் வாங்கினேன்.
மலை எழுதிய பரீட்சைக்கு
நான் வாங்கிய மார்க்.
அடிவாரம் வந்ததும் காதடைப்பு விட்டது.
கூடவே அதுவும் புரிந்தது.

மேல்தகட்டில் வட்டம் வெட்ட வேண்டும்.
வெள்ளிப் பட்டறையில் கம்பி ரம்பம் கடன் வாங்கினேன்.
வெள்ளிக்கு இழைகிற பிளேடு
எஃகுக்கு ஒடிந்தது, ஒன்பது.
வட்டம் கொஞ்சம் முட்டையாக வந்தது.
அதை மறைக்கப் பாத்திரக்கடையில்
ஒரு மாவுச் சல்லடை, அறுபது ரூபாய்.
கைப்பிடியைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்து
நாலு திருகு.

எண்பத்துமூன்று டிகிரி.
சேலத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு.
போதும்.

இப்போது அது ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது.
ராத்திரி படம் முடிவதற்குள்
பாதித் தூக்கம்தான் போகிறது.
நேற்று ஏனோ எண்பத்தொன்பதைத் தொட்டது.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
சல்லடையின் மேல் தட்டுவடை பாக்கெட்.
"வெதுவெதுன்னு இருக்கு, நமுத்துப்போகாது"
என்றாள் சசிரேகா பாயிலிருந்தே.

எடுக்கவில்லை.
இரண்டு விரல்கடை தள்ளி வைத்தேன்.