மைனஸ் ஒன்பது

செக்காலை ரோட்டில்
செல்போன் பழுது பார்க்கும் என் கடையில்
மேசைக்கடியில் இருக்கிறது இன்னொரு காது.
நூற்று நாற்பத்து நான்கு புள்ளி மூன்று ஒன்பது.
அதில் பேச்சு வராது.
இரண்டு நிமிடத்துக்கொரு தரம்
சுடு எண்ணெயில் கடுகு பொரியும்,
அவ்வளவுதான்.
அந்த ஒரு சிட்டிகைக் கடுகுக்குள்
ஒரு வேன் இருக்கும்:
நிற்கும் இடம், போகும் திசை, வேகம்,
கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்பதும்.

அடைக்கலத்தின் அழைப்புக்குறிக்கு
வாலில் மைனஸ் ஒன்பது.
ஓடுகிற வண்டி என்று அர்த்தம்.
மூன்றாம் தடவை தேறி உரிமம் வாங்கியவன்.
ஆட்டு டாக்டர் பெரியநாயகியை
டவர் எட்டாத ஊருக்கெல்லாம் ஏற்றிப் போகிறவன்.
அவன் அனுப்பும் கடுகை
கானாடுகாத்தானில் ஒரு மூன்றாம் மாடி
கேட்டுத் திருப்பிச் சொல்லும்.
அங்கே சுதைச் சிப்பாய் இரண்டு பேருக்கு நடுவே
செம்புக் குழாயில் நான் செய்த ஆன்டெனா.
வீட்டுக்காரர் பினாங்கில்.
சிப்பாய் மூக்கு உடையாமல் பார்த்துக்கொள் என்றார்,
வேறு நிபந்தனை இல்லை.

நேற்று நாலேகாலுக்கு வேகம் பூஜ்யம்.
நாலு பதினேழு, பூஜ்யம்.
நாலு பத்தொன்பது.
தேவகோட்டைக்குத் தெற்கே ஓரிக்கண்மாய்.
கரையில் இல்லை, உள்ளே.
திரையின் நீலத்துக்கு நட்டநடுவில்
வண்டிப் படம், மூக்கு வடமேற்கே.

சார்ஜர் வாங்க வந்த டாக்டரின் கணவர்
கருத்தான் சார் பார்த்துவிட்டார்.
"தண்ணிக்குள்ளல்ல நிக்குது?"
அது பழைய நீலம் சார், என்றேன்.
எந்த வருஷத்து மழையோ
வரைந்தவன் கண்ணில் பட்டிருக்கிறது.
இப்போது அங்கே கருவேலமும் வெடித்த களிமண்ணும்தான்,
குறுக்கே விட்டால் ஏழு கிலோமீட்டர் மிச்சம்.
சொல்லி முடிக்கும்போதே ஞாபகம் வந்தது:
முந்தாநாள் இரவு தெற்கே மின்னியது.
காரைக்குடியில் ஒரு சொட்டு இல்லை.
அங்கே?

உயரத்தைப் பார்த்தேன்.
நூற்று முப்பத்தோரு அடி.
அடுத்த பொரியலில் நூற்று இருபத்தாறு.
அதற்கடுத்து நூற்று முப்பத்தெட்டு.
மூழ்குகிறார்களா, மிதக்கிறார்களா?
ஜிபிஎஸ்ஸின் உயரத்தை நம்பக் கூடாதென்று
வகுப்பில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.
நேற்று நம்பினேன்,
ஒவ்வொரு அடிக்கும்.

குரலில் கூப்பிட்டேன். இரைச்சல்.
அறுபத்தேழு எழுத்துக்குள் அடக்கி
என்ன ஆச்சு என்று தட்டினேன்.
கிடைத்தது என்று பதில் வந்தது,
கருவியிடமிருந்து.
ஆள் ஒன்றும் சொல்லவில்லை.
கருத்தான் சார் ஸ்டூலில் உட்கார்ந்தார்,
சார்ஜர் ஒயரை
விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

நாலு நாற்பத்தொன்று வரவே இல்லை.
ஒரு வாடிக்கையாளரிடம்
நாளைக்கு வாங்க என்று கத்தினேன்.
பிறகு கடுகு.
வேகம் மூன்று.
பிறகு ஒன்பது, பதினாலு,
நீலத்தின் விளிம்பு, வெளியே,
வெள்ளை ரோடு.

ராத்திரி கடைக்கு வந்தான்,
மட்கார்டு வரை சேறு, முகத்திலும்.
மேலே பாளம் பாளமாய் வெடிப்புதான் அக்கா,
மிதித்தால் உள்ளே களி.
கருவேலங் கிளையை வெட்டிச் சக்கரத்துக்குக் கொடுத்து
டாக்டரம்மாவும் தள்ளினார்கள்,
ரெண்டு ஆட்டுக்காரப் பையன்களும்.
ரேடியோ கத்தியது காதில் விழுந்தது,
கை ரெண்டும் முழங்கை வரை மண்.
அந்த இரண்டு நிமிடக் கணக்கு
அவனுக்கு எப்படித் தெரியும்?
டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

சார்ஜர் மேசையிலேயே கிடந்தது.
காசு கொடுத்துவிட்டு மறந்து போயிருக்கிறார்.

இன்று காலை எட்டு இரண்டு, முதல் கடுகு.
திரையில் வேன் இல்லை.
அடைக்கலம் படத்தை மாற்றியிருக்கிறான்:
பாய்மரப் படகு ஒன்று
கல்லல் ரோட்டில்
நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.
திருத்தச் சொல்லலாம்.
சொல்லவில்லை.